வீட்டு ஜிம்முக்கு எந்த பார்பெல் வாங்குவது?
ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் ஆகிய மூன்று எடைப் பயிற்சிகளுக்கும் சேர்த்து ஒரே பார்பெல் (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பி) வாங்க எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் முனையைப் பாருங்கள். பிளேட் (எடைத் தட்டு) மாட்டும் பகுதி 50 மி.மீ. உள்ள ஒலிம்பிக் பார்தான் சரி. மலிவாகக் கிடைக்கும் ஒரு அங்குலப் பாரில் பெரும்பாலும் முனை தனியாகச் சுழலாது. எடை கூடும்போது பிளேட்டின் திருகல் நேராக மணிக்கட்டுக்கு வரும், பாரும் வளைந்துவிடும். அப்புறம் பிளேட்டையும் சேர்த்து மாற்ற வேண்டும், வீண் செலவு.

வழக்கமான பார் 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர். அறையை அளந்துகொள்ளுங்கள், இரு பக்கமும் பிளேட் மாட்ட ஆள் நிற்க இடம் வேண்டும். கைப்பிடி தடிமன் 28 அல்லது 29 மி.மீ. போதும். கை சிறியவர்களுக்கு 15 கிலோ, 25 மி.மீ. பார் சுகமாக இருக்கும்.

இத்தனை கிலோ தாங்கும் என்ற விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். இழுவிசை வலிமை, அதாவது எஃகு அறுந்துபோகாமல் தாங்கும் இழுப்பு, எத்தனை பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு) என்று கேளுங்கள். 1,90,000 இருந்தால் வீட்டுக்குத் தாராளம். ஸ்டாண்டில் வைத்து நடுவே கையால் சுழற்றிப் பாருங்கள், கோணல் இருந்தால் உடனே தெரியும்.

கடலோர ஊர் என்றால் பூச்சில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்டு குரோம் எடுங்கள், வசதியிருந்தால் ஸ்டெயின்லெஸ். எதுவானாலும் பயிற்சி முடிந்ததும் பிடியின் சொரசொரப்பில் ஒட்டிய சாக் பவுடரை (கை வழுக்காமலிருக்கப் பூசும் பொடி) நைலான் பிரஷ்ஷால் தட்டி, இரண்டு துளி மெஷின் ஆயில் விட்டுத் துடைத்து வையுங்கள்.