கம்பியைச் சாய்த்துக் குத்தியவர்

(கடிதம் எழுதியவர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பெருந்துறைப் பக்கம், அவ்வளவுதான்.)

ஐயா, வணக்கமுங்க.

எங்க அப்புச்சி போன மாசம் தவறிட்டாருங்க. எண்பதுக்கு மேல வயசு. 1963-ல பட்டாளத்துக்குப் போய், 1980-ல பென்சனோட வந்தவர். அதுக்கப்புறம் தோட்டமே கதி. சண்டையைப் பத்திக் கேட்டா, "அங்கயும் மண்ணு வேலைதான் சாமி"ன்னு முடிச்சுக்குவாரு.

மாமா பேனர்ல டாங்கிப் படம் போட்டு 'போர்க்களச் சிங்கம்'னு அடிச்சுட்டாரு. எழவுக்கு வந்தவங்க எல்லாம் 'பாசமான மனுசன்'னாங்க. ரெண்டுமே எனக்கு ஒட்டலீங்க. எங்கம்மா பொறந்தது 1971 கார்த்திகை. அப்புச்சி வந்து பாத்தது ஒரு வருசம் கழிச்சு. அம்மா வீறிட்டு அழுது, அம்மாயி சீலைக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டாங்களாம். அம்மாயி வெச்சிருக்கற இன்லேண்ட் லெட்டர்ல எல்லாம் "எருமை ஈனுச்சா, கெணத்துல தண்ணி எத்தனை முழம்" இதேதான். பாசமா ஒரு வரி கெடையாது.

எனக்கு ரெண்டு விசயந்தான் நெனப்புல நிக்குது. மஞ்சக்காட்டுல ஈரம் பாக்க எல்லாரும் மம்பட்டியில ஒரு கொத்துக் கொத்துவாங்க. இவரு மண்டி போட்டு, கூர் வெச்ச கம்பியைச் சாய்ச்சு மெல்ல விடுவாரு. நேராக் குத்தி நான் பாத்ததே இல்லை. "கொழந்தைக்கு ஊசி போடற மாதிரி"ன்னு அம்மாயி சிரிக்கும். இன்னொண்ணு, உழாத காட்டுக்குள்ள போனா அவர் கால் வெச்ச எடத்துலதான் நாங்க கால் வெக்கணும். கேட்டா பாம்புக்கும்பாரு.

இரும்புப் பொட்டியில எம்.ஈ.ஜி.ன்னு எழுதியிருக்குது. டிஸ்சார்ஜ் புக்குல பஸ்சிமி ஸ்டார், சங்கிராம் மெடல்னு இருக்குது. ஞாயித்துக்கிழமை படத்திறப்பு. பேத்தி நாலு வார்த்தை பேசணும்ங்கறாங்க. என்னத்தைப் பேசறதுங்க?

*

அம்மிணி,

ஞாயிற்றுக்கிழமைக்குள் கைக்குக் கிடைக்க வேண்டும் என்று கடிதம் பார்த்த கையோடு எழுதுகிறேன்.

முதலில் பெட்டி. எம்.ஈ.ஜி. என்றால் மெட்ராஸ் எஞ்சினியர் குரூப். பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் அவர்களுடைய தலைமையிடம். 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' என்பார்கள். படைக்குள் செல்லப்பெயர் 'தம்பி'. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது இவர்கள் வேலை. மண்ணு வேலை என்று அப்புச்சி சொன்னது மழுப்பல் இல்லை, நிஜம். 1963-ல் போனார் என்பதும் பொருந்துகிறது. சீனச் சண்டையில் அடிபட்ட பிறகு படையை 8,25,000 பேராக்கத் திட்டமிட்டு ஆள் எடுத்த காலம் அது. வேலூர்ப் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி தலைமுறை தலைமுறையாகப் பட்டாளம் போகிற ஊர்கள் நம் பக்கம் அதிகம் கேள்விப்படுவதில்லை. இங்கிருந்து, மானாவாரிக் காட்டை நம்பிக் கல்யாணம் பண்ண முடியாதவர்கள் போனார்கள்.

பஸ்சிமி ஸ்டார் என்பது 1971 பாகிஸ்தான் போரில் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குத் தந்த பதக்கம். கிழக்கே வங்காளத்தில் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். ஆக, அவர் மேற்கே இருந்திருக்கிறார். மாமாவின் டாங்கியைக் கோபிக்காதீர்கள், பேனர் கடையில் இருக்கிற டிசைன் அது. அதோடு, டாங்கிக்கும் சாப்பருக்கும் சம்பந்தம் உண்டு. அதே போரில் மேற்கு முனையில் நடந்த பசந்தர் ஆற்றுச் சண்டையில் டாங்கிகள் போகக் கண்ணிவெடிக்கு நடுவே வழி எடுத்தது இதே குரூப்பின் 9-வது எஞ்சினியர் ரெஜிமென்ட். அதில் உயிர்விட்ட மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரிக்கு மகாவீர் சக்ரா என்ற வீர விருது கொடுத்தார்கள். அப்புச்சி எந்த ரெஜிமென்ட் என்று டிஸ்சார்ஜ் புக்கில் இருக்கும். 9 இல்லை என்றால் மேடையில் பசந்தரை இழுக்க வேண்டாம். தன்னோடது இல்லாததைத் தன் தலையில் ஏற்றினால் அவருக்கே பிடிக்காது என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு வருஷத்துக்கு வருகிறேன். போர் டிசம்பர் 3-ல் தொடங்கி 17-ல் ஓய்ந்தது. படிக்கிற நமக்கு அது இரண்டு வாரம். மேற்கே பட்டாளம் உடனே வீட்டுக்குப் போகவில்லை. சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில். பிடித்த இடத்தை இரண்டு பக்கமும் விட்டு விலகி முடிக்க டிசம்பர் 20 ஆகிவிட்டது. இடையில் கிடந்தது கோதுமைக் காடு. அதற்குள் இரண்டு படையும் புதைத்த வெடி. எடுக்காமல் விட்டால் முதல் உழவிலேயே மாடும் ஆளும் போய்விடும். எடுக்க வேண்டியது சாப்பர். அப்புச்சி அன்றைக்கு எந்தக் காட்டில் நின்றார் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் உங்கள் அம்மாவின் அழுகைக்கும் நாள்காட்டிக்கும் கணக்குச் சரியாக இருக்கிறது.

இப்போது கம்பி. கடிதத்தை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு வெளியே போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். கண்ணிவெடி மேலே அழுத்தினால் வெடிப்பது. அதனால் தேடுகிறவன் கம்பியை நேராக இறக்கக் கூடாது. மண்டி போட்டோ படுத்தோ, ஏறக்குறைய 30 பாகை சாய்வில் விட வேண்டும். அப்போதுதான் நுனி வெடியின் விலாவில் தட்டும், தலையில் இடிக்காது. விரற்கடை விரற்கடையாக நகர வேண்டும், ஒரு குத்துக்கூட வேகமாக விழக்கூடாது. மஞ்சக்காட்டு ஈரத்துக்கு இத்தனை பக்குவம் எதற்கு? கை மறக்கவில்லை, அதுதான் என்று எனக்குப் படுகிறது. சத்தியம் செய்ய மாட்டேன்.

கால்தடம் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நம்ம காட்டில் பாம்பும் உண்டுதான்.

மேடையில் இந்த இரண்டையும், நீங்கள் எனக்கு எழுதிய மாதிரியே சொல்லுங்கள். 'வீரம்', 'பாசம்' என்கிற சொற்களைத் தொடவே வேண்டாம். அவை பேனரில் இருக்கின்றன.

கடைசியாக அந்த லெட்டர்கள். அம்மாயிக்குப் படிக்கத் தெரியுமா? எங்கள் வளவில் ஒரு அக்கா, வீட்டுக்காரர் பட்டாளத்தில். லெட்டர் 56 ஏ.பி.ஓ. என்று பட்டாளத் தபால் முத்திரை குத்தி வரும். மனுஷன் எந்தத் திக்கில் இருக்கிறார் என்று அதை வைத்துத் தெரியாது. ஏழாவது படித்துக்கொண்டிருந்த நான்தான் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். பக்கத்துக் கட்டிலில் மாமனார், உள்ளே மாமியார், ஊர்ப்பட்ட காது. அதில் எந்த ஆம்பளை என்னத்தை எழுதுவான்? ஒரு லெட்டரில் "செவலை நல்லாத் தீவனம் எடுக்குதா? பாரம் தூக்க விட வேண்டாம்" என்று இருந்தது. அக்கா அந்த வரியை மூன்று தடவை படிக்கச் சொன்னார். எனக்கு விளையாடப் போகிற அவசரம், எரிச்சலோடு படித்தேன். அந்த வீட்டில் அப்போது செவலையும் இல்லை, காரியும் இல்லை. அக்கா ஏழு மாசம்.

படத்திறப்புக்கு முன்னால் அம்மாயியை ஆற அமர உட்காரவைத்து ஒன்றே ஒன்று கேளுங்கள்: எழுபத்தொண்ணில் நம்ம வீட்டில் எருமை இருந்ததா?