ஆர்க் பத்துனதும் லிமிட் ஸ்விட்ச் பொய் சொல்லுதா?

பெருந்துறை நண்பருக்கு, உங்க சி.என்.சி. பிளாஸ்மா மிஷின்ல (கம்ப்யூட்டர் ஓட்டத் தகடு வெட்டுறது) ஆர்க், அதாவது வெட்டுற மின்பொறி, பத்துற நொடியில, டார்ச் ஓடுற எல்லையைக் காட்டுற லிமிட் ஸ்விட்ச் தொட்டதாக் காட்டி மிஷின் நிக்குதுன்னீங்க. ஸ்விட்சை மாத்தாதீங்க, குத்தம் அதுமேல இல்லீங்க. உங்களது எச்.எஃப். ஸ்டார்ட், அதாவது அதிக அதிர்வெண் மின்சாரத்தால ஆர்க்கைப் பத்த வைக்குற வகை. பத்தும்போது வர்ற பல ஆயிரம் வோல்ட் துடிப்பு, பக்கத்துல போற லிமிட் ஸ்விட்சோட 5 வோல்ட் ஒயர்ல ஏறிக்குது.

கோவை கணபதியில எங்க பட்டறையிலயும் இதே கூத்து. டார்ச் கேபிளையும் லிமிட் ஒயரையும் ஒரே கட்டாக் கட்டியிருந்தோம். ஓரடி தள்ளிப் பிரிச்சதுமே பாதி அடங்கிருச்சு. அப்புறம் ஷீல்டு ஒயர் (மேல உலோக வலை சுத்துனது) போட்டு, ஷீல்டை மிஷினை ஓட்டுற கன்ட்ரோலர் பக்கம் மட்டும் எர்த் பண்ணி, லிமிட்டை 24 வோல்ட்டுக்கு மாத்தி, ஆப்டோ (ஒயர் தொடர்பில்லாம ஒளியால சிக்னல் கடத்துற பாகம்) வழியா விட்டோமுங்க.

வொர்க் கிளாம்ப்பை (ஆர்க் கரண்ட் திரும்பிப் போற கவ்வி) டேபிளோட துருப்பிடிச்ச சட்டத்துல மாட்டாதீங்க. தேய்ச்சுட்டுத் தகட்டுலயே மாட்டுங்க. டேபிள்கிட்டத் தனி எர்த் ராடு அடிச்சா, மெயின் பேனல் எர்த்தோடயும் சேர்த்துருங்க. நம்மூரு மண்ணு காஞ்சு கெடக்கும், அப்பப்போ தண்ணி ஊத்தோணும்.