பையை மறைக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி: அக்கா, என் வீட்டுக்காரர் இரண்டு வருஷத்துக்கு முன் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலையில் வழுக்கி, தண்ணீர்க் கானுக்கு மேல் கிடந்த பலகையில் கவட்டில் அடிபட விழுந்தார். அதிலிருந்து மூத்திரம் நூல் மாதிரித்தான் வந்தது. இரண்டு தடவை கம்பி விட்டு விரித்தும் சரிவரவில்லை. இப்போது கன்னத்தின் உள்தோலை எடுத்து மூத்திரப் பாதையில் வைத்து ஆபரேஷன் செய்து, மூத்திரம் இறங்க டியூபும் பையும் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். மூன்று கிழமையில் கிளினிக். வருகிறவர்கள் பார்ப்பார்கள் என்று பையைப் போர்வைக்குள் வைத்துக்கொள்கிறார். பை நிறையுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. டியூபுக்குப் பக்கத்தால் கசிகிறது. ஆபரேஷன் பிழையாகிவிட்டதா? எப்போது வேலைக்குப் போகலாம்?
– ஒரு சகோதரி, ஹட்டன்

பதில்: தங்கச்சி, இது அச்சாகி வருவதற்குள் உங்கள் மூன்று கிழமையும் ஓடிவிடும் என்பதால்தான் கடிதம் கிடைத்த அன்றே போன் எடுத்தேன். இங்கே எழுதுவது, இதே நிலையில் இருந்துகொண்டு வாய் திறந்து கேட்க வெட்கப்படுகிற மற்ற வீடுகளுக்காக. நான் டாக்டர் இல்லை, சத்திரசிகிச்சை வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். ஆபரேஷன் செய்த டாக்டர் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதுதான் சரி.

முதலில் அந்தப் பை. போர்வைக்குள் உடம்போடு ஒரே மட்டத்தில் வைத்தால் மூத்திரம் கீழே இறங்காமல் டியூபிலேயே நிற்கும், பையிலிருந்து திரும்பியும் போகும், கிருமியும் கூடவே போகும். பை எப்போதும் அடிவயிற்றுக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. லயத்துச் சீமெந்துத் தரை ஈரம் காயாத தரை, உங்களுக்குத் தெரியாததா. பழைய சேலைத் துண்டில் ஒரு உறை தைத்து, பையை அதற்குள் விட்டுக் கட்டில் சட்டத்தில் கட்டுங்கள். இஸ்தோப்பில் நின்று எட்டிப் பார்க்கிறவருக்கு அது வெறும் துணிப்பைதான். விவரம் கேட்டால் ஒரு பிளேன்டீயை ஊற்றிக் கொடுத்து, கொழுந்து விலையைப் பற்றிப் பேச்சைத் திருப்புங்கள்.

தண்ணீர் குடிக்காமல் இருப்பது அதைவிட மோசம். மூத்திரம் கடுத்து, கட்டியாகி டியூப் அடைக்கும், மலச்சிக்கலும் வரும். நம் குளிரில் தாகம் எடுக்காதுதான், அதற்காக விட முடியாது. டாக்டர் குறைக்கச் சொல்லாவிட்டால் ஒரு நாளைக்கு 2 லீற்றராவது வேண்டும், வெந்நீராகவே குடிக்கட்டும். நாள் முழுக்கச் சாயத் தேத்தண்ணீர் குடித்தால் சலப்பை, அதாவது மூத்திரப்பை, இன்னும் துடிக்கும், அதைக் குறையுங்கள். பை பாதி தாண்டியதும் கையைக் கழுவிவிட்டுத் திறந்து ஊற்றுங்கள்.

கசிவைப் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். டியூபின் நுனியில், சலப்பைக்குள், சுமார் 10 மில்லி தண்ணீர் நிரப்பிய ஒரு சின்ன பலூன் இருக்கிறது. அது உறுத்த, சலப்பை தான் நிறைந்துவிட்டதாக நினைத்து இறுக்கும், அப்போது பக்கத்தால் கொஞ்சம் வரும். டியூப் மடங்கியிருக்கிறதா, தொடைக்கு அடியில் நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பைக்குள் மூத்திரம் இறங்கிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் பயமில்லை. அந்த இறுக்கத்துக்கு மாத்திரை உண்டு, கேளுங்கள். முக்கினாலும் கசியும், அதனால் பப்பாசி, கீரை கொடுங்கள். குந்தும் கக்கூசுக்கு நடுவில் ஓட்டை வெட்டிய பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போடுங்கள், கவட்டுத் தையல் இழுபடாது.

அந்த பலூனால்தான் இன்னொரு எச்சரிக்கை. என் வார்டில் ஒருவர் பை கட்டிலில் கொளுவியிருப்பதை மறந்து இரவில் எழுந்து நடந்துவிட்டார். இரண்டாவது அடியில் டியூப் விறைத்து உள்ளே பலூன் இழுபட, கதவு வரை தரையில் ரத்தச் சொட்டு. டியூபைக் கொஞ்சம் தளர்வாக விட்டுத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டுங்கள். தவறிக் கழன்றே விட்டால், டிஸ்பென்சரியிலோ வேறெங்குமோ புது டியூப் குத்த விடாதீர்கள், தைத்த இடம் கிழியும். ஆஸ்பத்திரியில் தந்த டயக்னோசிஸ் கார்டை எடுத்துக்கொண்டு ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போங்கள். நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்தக் கட்டி, விதைப்பை வீக்கம், இரண்டு மூன்று மணி நேரமாகப் பையில் ஒரு சொட்டும் இறங்காமல் வயிறு உப்புவது, இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். 1990 என்ற நம்பருக்குப் போன் அடித்தால் அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

காயத்தில் மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். சவர்க்காரமும் தண்ணீரும் போதும், ஒற்றித் துடைத்துக் காய விடுங்கள். வாய்க்குள் கன்னம் சில நாள் இறுகித்தான் இருக்கும். காரச் சம்பலும் காய்ந்த ரொட்டியும் ஒதுக்கிவிட்டு ஆறிய கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு கொடுத்து, சாப்பிட்டதும் உப்புத் தண்ணீரில் கொப்புளிக்கச் சொல்லுங்கள். வெத்திலை, புகையிலை, சுருட்டு, இதில் மட்டும் நான் கறார்: ஒட்டவைத்த தோலுக்கு ரத்தம் ஓட வேண்டிய நேரத்தில் புகையிலை அதைத் தடுக்கும்.

வேலை? ஆபரேஷன் நடந்து 6 கிழமை ஆகும் முன்னால் கவ்வாத்துக் கத்தியைத் தொட வேண்டாம். அதன் பிறகும் கிளினிக்கில் கேட்டுவிட்டு, முதலில் லேசான வேலை கேட்டு வாங்குங்கள். மோட்டார் சைக்கிள் 3 மாதத்துக்கு வேண்டாம். கடிதத்தின் கடைசியில் பொடி எழுத்தில் கேட்டிருந்தீர்களே, தாம்பத்தியம் எப்போது என்று, அதற்கும் அந்த 6 கிழமைதான், டாக்டர் சரி சொன்ன பிறகு.

கிளினிக்கில் மருந்து விட்டு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். தைத்த இடத்தில் ஒழுக்கு தெரிந்தால் டியூப் இன்னும் சில நாள் இருக்கட்டும் என்பார்கள். அது தோல்வி இல்லை, ஆற நேரம் கேட்கிறது, அவ்வளவுதான். டியூபை எடுத்த பிறகு முதல் சில நாள் எரியும், போய் முடிந்தும் சொட்டும், விதைப்பைக்குப் பின்னால் விரலால் முன்பக்கமாக அழுத்திவிட்டால் மீதியும் வந்துவிடும். மாதங்கள் கழித்து ஓட்டம் மறுபடி மெலிந்தால் மட்டும் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

போகும்போது பையைக் காலி செய்துவிட்டு ஆட்டோவில் ஏறுங்கள், அடியில் ஒரு தலையணை போடுங்கள், வளைவில் மெதுவாகப் போகச் சொல்லுங்கள். மாற்றுச் சாரம் ஒன்றும் துவாய் ஒன்றும் மறக்காமல் எடுங்கள், டியூப் எடுத்தால் வரும் வழியில் தேவைப்படும்.