மேற்படிப்புக்கான உதவித்தொகை: வாசகர் கேள்விகள்

கேள்வி: உயிரியலில் முதுகலைப் படிப்பை முடிக்கவிருக்கிறேன். வெளிநாட்டில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விருப்பம்; கடன் வாங்கும் வசதி குடும்பத்துக்கு இல்லை. உதவித்தொகைப் பட்டியல்களைப் பார்த்தால் பெரும்பாலானவற்றுக்கு எனக்குத் தகுதியே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பட்டியல்களைச் சிறிது காலம் ஒதுக்கி வைத்துவிட்டு, நீங்கள் சேர விரும்பும் துறையிலிருந்து தொடங்குங்கள். முனைவர் பட்ட ஆய்வுக்கான பணத்தில் பெரும்பங்கு சேர்க்கையோடு சேர்ந்தே வருகிறது என்பதை அறியாமல், பல நல்ல மாணவர்கள் தேட வேண்டிய இடத்தில் தேடாமல் போய்விடுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் அறிவியல் துறைகளில் முனைவர் பட்டத்துக்குத் தேர்வாகிறவருக்குப் பெரும்பாலும் கல்விக் கட்டணம் விலக்கப்படுவதுடன், கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ பணியாற்றுவதற்கு மாதாந்தர ஊதியமும் தரப்படுகிறது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் முனைவர் பட்ட ஆய்வே ஒரு வேலை. ஆய்வாளர் வேலைவாய்ப்புக்கான யூராக்ஸஸ் இணையதளத்தில் அதற்கான விளம்பரங்கள் வெளியாகின்றன. அவற்றுள் ஐரோப்பிய ஒன்றியம் நிதியளிக்கும் மேரி ஸ்க்வோதோவ்ஸ்கா கியூரி திட்டத்தின் இடங்களுக்கு எந்த நாட்டவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால், பணியமர்த்தும் நிறுவனம் உள்ள நாட்டில், முந்தைய 36 மாதங்களில் 12 மாதங்களுக்கு மேல் நீங்கள் வசித்திருக்கவோ வேலை செய்திருக்கவோ கூடாது.

ஆகவே, உங்கள் ஆர்வத்தோடு ஒத்துப்போகும் பேராசிரியர்களின் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகளைப் படியுங்கள். கட்டுரையின் இறுதியில், அந்த ஆய்வுக்கு நிதி அளித்த அமைப்பின் பெயரை நன்றியோடு குறிப்பிட்டிருப்பார்கள். எந்த அமைப்பு எவ்வகை ஆய்வுக்குப் பணம் தருகிறது என்பதை அறிய இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு, அந்தப் பேராசிரியருடைய ஆய்வில் உங்களை ஈர்த்த ஒரு கேள்வியைக் குறிப்பிட்டு, புதிய மாணவரைச் சேர்க்கும் எண்ணமும் அதற்கான நிதியும் உள்ளனவா என்று சுருக்கமாக எழுதிக் கேளுங்கள். நிதியைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவாகாது; அது எல்லோரும் கேட்கும் கேள்விதான்.

இடம் கிடைத்ததும் கடிதத்தை நிதானமாகப் படியுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு உறுதி, கோடை மாதங்களில் ஊதியம் உண்டா, மருத்துவக் காப்பீடு அடங்குமா, கட்டணங்களில் எது உங்கள் தலையில் விழும் என்பவற்றை எழுத்தில் பெறுங்கள். உடனே முடிவு சொல்லும்படி உங்களை யாரேனும் நெருக்கினால், அமெரிக்காவின் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் பேரவை வகுத்த உடன்பாட்டை ஏற்றுக்கொண்ட பல்கலைக்கழகங்களில், நிதியுதவியை ஏற்பது பற்றி ஏப்ரல் 15 வரை முடிவு சொல்ல வேண்டிய கட்டாயமில்லை என்பது உங்களுக்குத் துணையாக இருக்கும்.

வெளி நிதியை இதற்குப் பின் தேடுங்கள். முதலில் குடியுரிமை விதியைப் பாருங்கள்: அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் பட்டமேற்படிப்பு ஃபெலோஷிப் போன்றவை அயல்நாட்டவருக்குக் கிடைக்கா. அமெரிக்க அரசு 1946-இல் தொடங்கிய ஃபுல்பிரைட் திட்டத்துக்கு நீங்கள் எந்த நாட்டுக் குடிமகனோ அந்த நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். கேம்பிரிட்ஜின் கேட்ஸ் உதவித்தொகைக்கு, சேர்க்கை விண்ணப்பத்திலேயே ஒரு பகுதி உண்டு. அதை நிரப்பாமல் விட்டுவிட்டால் வாய்ப்பு போய்விடும். படிப்பு தொடங்குவதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே இவற்றில் பலவற்றின் கெடு முடிந்துவிடும் என்பதால், பரிந்துரைக் கடிதம் தரவிருக்கும் ஆசிரியர்களிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு வேண்டியது சமூகவியலில் முதுகலைப் பட்டம் மட்டுமே. கட்டணம் செலுத்தினால் உதவித்தொகை வாங்கித் தருவதாக ஒரு நிறுவனம் கூறுகிறது. நம்பலாமா?

பதில்: வேண்டாம். உதவித்தொகையை உறுதியாக வாங்கித் தருவதாகச் சொல்லும் அதிகாரம் இடைத்தரகர் எவருக்கும் கிடையாது.

முதுகலைப் படிப்புக்குத் துறைகள் தரும் பணம் குறைவு என்பது உண்மை. அதனால்தான் உங்களுக்கு வெளி உதவித்தொகைகள் முக்கியமாகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆதரவில் பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் எராஸ்மஸ் முண்டஸ் கூட்டு முதுகலைப் படிப்புகளைக் கட்டாயம் பாருங்கள். குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்கும் இப்படிப்புகளில் சமூக அறிவியல் சார்ந்தவையும் பல உள்ளன. ஜெர்மனியில் படிக்க விரும்பினால் டாட் (DAAD) எனப்படும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தேடுதளத்தில் உங்கள் நாட்டையும் துறையையும் குறிப்பிட்டுத் தேடலாம். பிரிட்டனின் செவனிங் உதவித்தொகை ஓராண்டு முதுகலைப் படிப்புக்குரியது. அதற்கு இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் வேண்டும், படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்குத் தாய்நாடு திரும்பியாக வேண்டும். படிப்பு முடிந்த கையோடு அங்கேயே வேலை தேடுவது உங்கள் திட்டமாக இருந்தால் அது உங்களுக்குப் பொருந்தாது.