மகனைத் தச்சு வேலைக்கு அனுப்பலாமா? திருமங்கலத்துத் தாய் ஒருவருக்கு எழுதிய பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருக்கும் தங்கள் மகன், அப்பாவோடு தச்சு வேலைக்கே போகப் போவதாகப் பிடிவாதமாகச் சொல்வதையும், அருகில் உள்ள பட்டறையில், கணினி வழியே மரத்தைக் குடைந்து செதுக்கும் சி.என்.சி. இயந்திரம் வந்த பிறகு தங்கள் கணவரிடம் கதவுக்குப் பூ வேலை செய்யக் கேட்டு வருவோர் குறைந்துவிட்டதையும் எழுதியிருந்தீர்கள். தச்சர் வேலையில் நூற்றுக்கு எழுபத்திரண்டு பங்கு ரோபோவுக்குப் போய்விடும் என்று உறவினர் ஒருவர் கைப்பேசியில் காட்டியதிலிருந்து உறக்கம் வரவில்லை என்றும் குறிப்பிட்டிருந்தீர்கள். தங்கள் அச்சத்தில் ஒரு பாதி நியாயமானது. அந்தப் பாதி எது என்று பிரித்துக் காட்டுவதுதான் இந்தக் கடிதத்தின் வேலை.

முதலில் அந்த எழுபத்திரண்டைப் பார்த்துவிடலாம். 2013-ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரே, ஆஸ்போர்ன் என்ற இரு ஆய்வாளர்கள், அமெரிக்காவில் உள்ள எழுநூற்றுக்கும் மேற்பட்ட தொழில்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் கணினிமயமாவதற்கான வாய்ப்பு எவ்வளவு என்று மதிப்பிட்டார்கள். அதில் கட்டடத் தச்சருக்கு 0.72 என்றும், பட்டறையில் அமர்ந்து அலமாரி, மேசை செய்பவருக்கு 0.92 என்றும் வந்தது. நூறு தச்சர்களில் எழுபத்திரண்டு பேருக்கு வேலை போய்விடும் என்பது இதற்குப் பொருள் அன்று. தொழில்நுட்பத்தால் முடியுமா என்பதைத்தான் அவர்கள் கணித்தார்கள். அது எந்த ஆண்டில் நடக்கும், நம் ஊர்க் கூலிக்கும் நம் ஊர் வீடுகளுக்கும் அது கட்டுப்படியாகுமா என்பவை அந்தக் கணக்கில் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பட்டறையில் ஒரே இடத்தில் ஒரே மாதிரி செய்யும் வேலைக்கு ஆபத்து அதிகம். வேலை நடக்கும் வீட்டுக்கே போய் அளந்து பொருத்தும் வேலைக்கு ஆபத்து குறைவு.

இது புதிய செய்தியும் அன்று. இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கப்பல் தளத்தில், பாய்மரக் கயிறு ஓடும் மரக் கப்பிகளைச் செய்வதற்காக மார்க் புருனெல் வடிவமைத்த இயந்திரங்கள் 1800-களின் தொடக்கத்திலேயே நிறுவப்பட்டன. கைத்திறன் மிக்க 110 பேர் செய்துவந்த வேலையைத் தனிப்பயிற்சி இல்லாத 10 பேர் அவற்றைக் கொண்டு செய்தார்கள். 1808-இல் அங்கே ஆண்டுக்கு 1,30,000 கப்பிகள் உருவாயின. அந்தக் கப்பித் தச்சர்களின் கைவேலை அத்தோடு போயிற்று. அதே தளத்தில் கப்பலின் உடலைக் கட்டிய தச்சர்களை அந்த இயந்திரங்கள் தொடவில்லை. ஒரு கப்பலின் வளைவு இன்னொரு கப்பலுக்கு அப்படியே பொருந்தாது என்பதே காரணம்.

ரோபோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2018-இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரண்டு ரோபோ கைகள், துண்டுகளாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொள்ளும் ஐகியா நிறுவன நாற்காலி ஒன்றின் சட்டத்தை 20 நிமிடம் 19 விநாடியில் பூட்டிக் காட்டின. மெச்சத்தக்க சாதனைதான். ஆனால் துண்டுகள் எல்லாம் ஆலையில் துல்லியமாக அறுத்துத் துளையிட்டு வந்தவை. எந்தத் துண்டை எதற்குப் பின் பூட்ட வேண்டும் என்ற வரிசையையும் மனிதர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். மதுரை மாசி வீதிகளின் உட்சந்துகளில் உள்ள ஒரு பழைய வீட்டின் மச்சுப்படியில் அந்தக் கைகளை ஏற்றி, மூலைமட்டத்துக்கு ஒத்து வராத சுவரில் நிலை வைக்கச் சொன்னால் என்ன ஆகும் என்பதைத் தங்கள் கணவரே தங்களுக்கு விளக்குவார்.

மரமும் இரும்பைப் போன்ற பொருள் அன்று. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து ரேகைக்குக் குறுக்கே அகலும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் மட்டும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஐப்பசி அடைமழையில் இறுகிக்கொள்ளும் கதவு சித்திரை வெயிலில் தளர்ந்துவிடுவது இதனால்தான். வைரம் பாய்ந்த பகுதி எது, பூச்சி விழக்கூடிய வெளிறு எது, ஈரம் காயாத, ஆறாத மரம் எது, எந்தப் பக்கம் நெளியும் என்பதைப் பார்த்து அதற்கேற்பக் கழுந்தையும் அந்த முனையைச் செருகும் துளையையும் வைப்பதுதான் தச்சரின் அறிவு. சி.என்.சி. இயந்திரம் கொடுத்த வரைபடத்தை மயிரிழை பிசகாமல் குடையும். கொடுத்த பலகை ஆறிவிட்டதா என்று கேட்காது. பச்சை மரத்தில் மிக அழகாகக் குடைந்து, ஆறே மாதத்தில் பிளந்துபோன கதவுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனி நியாயமான பாதிக்கு வருகிறேன். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை அளவாக அறுப்பது, விளிம்புக்குப் பட்டை ஒட்டுவது, கீலுக்குத் துளையிடுவது, கதவில் மயிலும் கொடியும் செதுக்குவது ஆகியவை இயந்திரத்துக்குப் போய்விட்டன. திரும்பி வரும் என்று நான் சொல்ல மாட்டேன். மாடுலர் கிச்சன் முழுவதையும் தொழிற்சாலையிலேயே அறுத்து, வீட்டில் பூட்ட மட்டும் ஆள் அனுப்புகிறார்கள். இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு; அதைப் பற்றி யாரும் காணொளி போடுவதில்லை. புதிய வீடுகளில் யுபிவிசி என்னும் பிளாஸ்டிக் ஜன்னலும் இரும்புக் கதவும் வந்ததால் மரமே வெளியேறிவிட்டது. தங்கள் கணவரின் வேலையைக் குறைத்ததில் இவற்றுக்குக் கணிசமான பங்கு இருக்கும் என்பது என் கணிப்பு. ஆகவே பழைய முறையில் உளியும் இழைப்புளியும் மட்டும் கற்றுக்கொண்டு வருகிறேன் என்று மகன் சொன்னால், வேண்டாம் என்றே நானும் சொல்வேன்.

அவன் எதைக் கற்றுக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்பதுதான் நாம் பேச வேண்டியது. வரைபடத்தை வாசிக்கவும் கணினியில் வரையவும் தெரிந்த தச்சர்கள் மதுரையில் மிகவும் குறைவு. வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு, இடத்தை அளந்து, கணினியில் வரைந்து, அறுக்கும் வேலையை இயந்திரக்காரரிடம் கொடுத்து வாங்கி, தானே பொருத்திக் கொடுக்கும் இளைஞனுக்கு அந்த இயந்திரம் ஒரு கூலியாள். ஐ.டி.ஐ. என்னும் அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் தச்சுப் பிரிவு ஓராண்டுப் படிப்பு. அதற்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். பத்தாம் வகுப்பில் தேறினால் கட்டட வரைபடம் வரையக் கற்றுத்தரும் இரண்டாண்டு சிவில் படவரைவாளர் பிரிவிலும் சேரலாம். தச்சின் அடிப்படை வீட்டிலேயே கிடைக்கும் பையனுக்கு நான் இரண்டாவதையே பரிந்துரைக்கிறேன். கோ.புதூரில் உள்ள அரசு ஐ.டி.ஐ.க்கு மகனையும் அழைத்துக்கொண்டு நேரில் சென்று, இவ்விரு பிரிவுகளுக்கும் மாவட்டத்தில் எங்கெங்கே இடம் இருக்கிறது என்று கேளுங்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளைத் தவறவிட வேண்டாம். விடுமுறை நாள்களில் அப்பாவோடு வேலைக்குப் போகட்டும். அந்தத் தொடர்பு அறுந்துவிடக் கூடாது.

செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்குக் கதவுகளையும் தூண்களையும் செப்பனிடுவது, இலுப்பையிலும் வேங்கையிலும் கோயில் தேர் செய்வது போன்ற பணிகளை இயந்திரம் எளிதில் நெருங்காது. ஆனால் அவை தொடர்ந்து கிடைப்பவை அல்ல. இவற்றை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தலாம் என்று ஒரு பையனிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கள் கணவருக்கும் ஒரு வழி இருக்கிறது. தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 35 வயது நிறைந்த தச்சர்கள் 3 லட்சம் ரூபாய் வரை கடன் பெறலாம். அதில் 25 விழுக்காடு, அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் விவரம் சொல்வார்கள். நல்ல இழைப்பு இயந்திரமும் தூசி உறிஞ்சியும் வாங்க அது உதவும். தூசி உறிஞ்சியை வேண்டுமென்றே சேர்த்துச் சொல்கிறேன். மரத்தூள் நெடுநாள் மூச்சில் போனால் நுரையீரலும் மூக்கும் கெடும். காப்பு இல்லாத வட்ட ரம்பத்தில் விரலை இழந்த இரண்டு இளைஞர்கள் என்னிடம் வேறு வேலை தேடி வந்திருக்கிறார்கள். மகனைப் பற்றிக் கவலைப்பட வேண்டுமென்றால், தூரத்தில் இருக்கும் ரோபோவை விட்டுவிட்டு, பட்டறையில் இருக்கும் அந்த ரம்பத்தைப் பற்றி முதலில் கவலைப்படுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். காப்பு பொருத்தாத இயந்திரத்தில் அவன் கை வைக்கக் கூடாது என்பதைத் தங்கள் கணவரே அவனிடம் சொல்லட்டும்.

தேர்வு முடிவு வருவதற்குள், அவன் தன் கையால் செய்த பொருள் ஏதேனும் இருந்தால், முக்காலியோ சாமி மாடமோ எதுவானாலும், அதை எடுத்துக்கொண்டு மூவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். அதன் மூட்டுகளைப் பார்த்தபடி, எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிப்பது என்பதை அவனிடமே பேசி முடிவு செய்யலாம்.

அன்புடன்,
தங்கள் ஆலோசகர்