தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகம் வந்த புத்தகப் பெட்டிகளில் ஈரம்

வணக்கம் ஐயா. சென்னையிலிருந்து கப்பலில் வந்த புத்தகங்களில் மேல்வரிசைப் பெட்டிகள் மட்டும் நனைந்திருப்பதாக எழுதியிருந்தீர்கள். அப்படியானால் பெரும்பாலும் அது கடல்நீர் இல்லை. கன்டெய்னரின் கூரைத் தகடு இரவில் குளிர, உள்ளிருந்த ஈரக்காற்று நீராகிச் சொட்டியிருக்கும்.

காப்பீடு இருந்தால் முதலில் படம் எடுங்கள், நனைந்த அட்டைப்பெட்டிகளை வீசாதீர்கள். 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கலாம். புத்தகங்களை வெயிலில் காயவைக்க வேண்டாம், அட்டை வளைந்துவிடும். நிறுத்தி, விசிறிபோல் விரித்து, மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் வையுங்கள். வழவழப்புத் தாள் ஒட்டிக்கொண்டால் பிரியவே பிரியாது. ஈரமாக இருக்கும்போதே தாளுக்குத் தாள் பிரியுங்கள். முடியாதவற்றை ஃப்ரீசரில் உறையவைத்துவிட்டுப் பிறகு பாருங்கள். பூஞ்சையை நன்றாகக் காய்ந்தபின், முகக்கவசத்தோடு, வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரத்தில் தேய்த்தால் தாளுக்குள் இறங்கிவிடும்.

அடுத்த சரக்கில் ஒரு பெட்டிக்கு 15 கிலோ புத்தகம் போதும், உள்ளே பாலித்தீன் உறை போடுங்கள். கன்டெய்னர் சுவரில், ஈரத்தை உறிஞ்சும் கால்சியம் குளோரைடு பைகளைத் தொங்கவிடச் சொல்லுங்கள்.