மேட்டூரில் 20,000 கனஅடி திறப்பு: கூடுதுறையில் குளிக்கலாமா?

கேள்வி: ஆடிப்பெருக்குக்குக் குடும்பத்தோடு பவானி கூடுதுறைக்குப் போகிறோம். மேட்டூரில் 20,000 கனஅடி திறப்பதாகச் செய்தி. குழந்தைகளை ஆற்றில் இறக்கலாமா?

பதில்: 20,000 கனஅடி என்பது நொடிக்குச் சுமார் 5.66 லட்சம் லிட்டர். காவிரிக்கு இது பெருவெள்ளம் இல்லை. ஆனால் இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். நேற்று 5,000 ஆக இருந்து இன்று 20,000 ஆனதா, இல்லை 40,000இலிருந்து குறைந்து வந்ததா என்று பாருங்கள். ஏறுகிற ஆறுதான் ஆளை ஏமாற்றும். அணையில் திறந்த தண்ணீர் பவானிக்கு வந்துசேரச் சில மணி நேரம் ஆகும். காலையில் முழங்கால் அளவு இருந்த படியில் மதியம் இடுப்பளவு நிற்கலாம். இடையில் செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, ஊராட்சிக்கோட்டை என்று கதவணைகள் வேறு. அங்கே கதவை ஏற்றி இறக்கினாலும் மட்டம் மாறும். கூடுதுறையில் பவானி ஆறும் கலப்பதால், பவானிசாகர் அணையிலிருந்து ஆற்றில் விடும் அளவையும் பார்க்க வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது உடலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். துறையில் ஒரு குச்சியைப் போட்டுப் பாருங்கள். 10 நொடியில் 10 மீட்டர் போனால், பெரியவர்களே இடுப்பளவில் நிற்பது கடினம். அதில் பாதி வேகம் இருந்தாலே சிறுவர்களைப் படியை விட்டு இறக்க மாட்டேன். தண்ணீர் திடீரென்று கலங்கி, செத்தையும் நுரையுமாக வந்தால் உடனே கரையேறுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். அரித்த மணலில் புதுக் குழிகள் விழுந்திருக்கும், படிகளில் பாசி வழுக்கும். கதவணைக்குக் கீழே மட்டும் எக்காலத்திலும் இறங்காதீர்கள். அங்கே சுழல் நீச்சல்காரரையும் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். ஓட்டம் மிகக் குறைந்தால் வேறு தொல்லை: கழிவுநீர் நீர்த்துப் போகாது. வாயில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், காயத்தோடு இறங்க வேண்டாம்.

குளிக்கத் தடை அறிவித்திருந்தால் பேச்சே இல்லை. குடத்தில் மொண்டு ஊற்றிக்கொள்ளுங்கள்.

அப்புறம், யாரையாவது தண்ணீர் இழுத்தால் பின்னாலேயே குதிக்காதீர்கள். சேலை, வேட்டி, கயிறு, மூடிய காலிக் குடம் என்று கைக்குக் கிடைத்ததை வீசுங்கள். இழுக்கப்பட்டவர் எதிர்நீச்சல் போடாமல், மல்லாந்து மிதந்தபடி சாய்வாகக் கரைப்பக்கம் ஒதுங்க வேண்டும்.